விண்டோஸ் 10 முடிஞ்சாச்சு... பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடணுமா?

மாமல்லபுரம், கோவளம் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களின் லேப்டாப்பில் கணக்கு வழக்கு மட்டுமா இருக்கும்? தங்க வருகிறவர்களின் ஆதார், பாஸ்போர்ட் நகல்களும்தான். அதில் ஓடுவது விண்டோஸ் 10 என்றால் கவனிக்கணும். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய மெஷினில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்றவும் முடியாது.

அப்போ புதுசு வாங்கணுமா? அவசியமில்லை. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை இலவசம். அப்டேட்டும் தொடர்ந்து வரும். இது நமக்குப் புதிதும் அல்ல. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. எத்தனை பேர் திறந்து பார்த்தோம்?

முதலில் பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரின்டர், பில்லிங் எல்லாம் சரியா என்று பார்த்து முடிவெடுங்கள். இன்ஸ்டால் செய்தால் பழைய கோப்புகள் அழியலாம். முன்பே பேக்கப் எடுங்கள். அப்போதே டிஸ்க் என்கிரிப்ஷனையும் தேர்ந்தெடுத்தால், லேப்டாப் திருடுபோய் ஆஃப் ஆகிவிட்டாலும் பாஸ்வேர்டு இல்லாமல் கோப்புகளைப் படிக்க முடியாது.

ஆனால், தேவை முடிந்த ஆதார் நகலை எந்த லினக்ஸும் தானாக அழிக்காது. நம்பிக் கொடுத்தவருக்காக அதை நாம்தான் செய்யணும்.