யார் பாட்டு பாடுகிறோம்?

தலித் விடுதலை பேசுகிற இதழில் ஞானப்பாட்டுக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் நம்ம கிறிஸ்தவச் சேரிகளில் சனங்க வாரந்தோறும் ஒண்ணாக் கூடி வாய்திறந்து பாடுகிற இடம் கோயில்தான். அங்கே எதைப் பாடுகிறோம் என்பது அரசியல்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை தேனி, போடி, சின்னமனூர்ப் பக்கம் காதில் விழுவது கீபோர்டும் டிரம்ஸும். மேடையில் நாலுபேர் பாட, மிச்சப்பேர் கைதட்டுகிறார்கள். எனக்கு வீடு, எனக்கு உயர்வு, எனக்கு ஆசீர்வாதம். எல்லாம் ‘எனக்கு’. ஏலத்தோட்டக் கூலிக்கு விடியுமுன் ஜீப்பில் அடைபட்டு மலையேறுகிற பொம்பளைகளின் ‘நாம’ அதில் இல்லை.

அதற்காகப் பழசெல்லாம் நம்முடையது என்றும் சொல்லமாட்டேன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வெள்ளாளர். சபைக்குள் சாதி கூடாது என்ற மிஷனரிகளை 1820களில் எதிர்த்து எழுதியவர். கர்நாடக இசையில் ஊறிய அவருடைய கீர்த்தனைகளும் பிறருடையவையும் 1853இல் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் தொகுத்த நூல் வழியாகச் சபைகளில் பரவின. ராகம் உள்ளே போனது. பறை பல சபைகளில் வாசலிலேயே நின்றது.

ஆனாலும் எழுத்தறியாத எங்க அப்பத்தா நாற்று நடும்போது கீர்த்தனைதான் பாடும். வாயில் நுழையாத வடசொல்லை உடைத்து, தாளத்தைக் கை வேலைக்குத் தக்கபடி மாற்றி, நடுவில் குலவையும் போடும். எழுதியவர் யாராக இருந்தாலும் அந்தப் பாட்டைத் தனதாக்கியது உழைக்கிற வாய். புத்தகம், மின்சாரம், சம்பளப் பாடகர் எதுவுமில்லாமல் ஒரு கூட்டமே பாட முடிந்தது. பழைய பாட்டுக்கு நான் தரும் மதிப்பு அதற்குத்தான்.

இதைப் புரிந்து வேலை செய்தவர் ‘பரட்டை’ ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடி இறையியல் கல்லூரி ஆசிரியர். ‘கிராமிய இசை வழிபாடு’ என்று ஆராதனையையே நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் அமைத்தார். கடவுளை ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டார். ஆண், பெண் பிரிக்காத நம்ம வீட்டுச் சொல். திருவிருந்தை ‘ஒரு ஒலை’ என்றார். எல்லார் அரிசியும் ஒரே உலையில் வேக, எல்லாரும் சேர்ந்து தின்பது. இதைப் பாடிவிட்டு எவன் தனிப்பந்தி போட முடியும்? பாடுகிறவனை மாட்டிவிடுகிற பாட்டுதான் நேர்மையான பாட்டு.

வேதத்திலுள்ள 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று புலம்பல். நியாயம் இல்லாத ஊரின் பாட்டு எனக்கு வெறும் இரைச்சல் என்று கடவுள் சொன்னதாக ஆடு மேய்த்த ஆமோஸ் சொன்னான். அமெரிக்கக் கறுப்பு அடிமைகள் எஜமானின் வேதத்திலிருந்தே தங்கள் பாட்டை எடுத்தார்கள். 1950, 60களின் உரிமைப் போராட்டத்தில் அது தெருவுக்கு வந்தது.

நமக்குப் புலம்ப விஷயமா இல்லை? கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது என்கிறது 1950 குடியரசுத் தலைவர் ஆணை. தமிழ்நாட்டுச் சபைகளுக்குள்ளேயோ சாதிக்கொரு கல்லறை. வெளியே சாதி இல்லை என்று சட்டம் சொல்லும், உள்ளே சாதி பார்த்துப் புதைப்பார்கள். இதைச் சொல்லாத துதி யாருக்கு வேணும்?

மாணவத் தோழர்களே, உங்க ஊர்க் கிழவிகளிடம் போய் உட்காருங்கள். அவர்கள் பாடுகிறபடியே, திருத்தாமல் எழுதுங்கள். பறையோடு சபையில் பாடிக்காட்டுங்கள். எழுதியதை எங்களுக்கும் அனுப்புங்கள், அச்சிடுகிறோம்.