ரோட்டவேட்டருக்கு உள்ள சுதந்திரம் மோட்டாருக்கு வேண்டாமா?

உங்கள் டிராக்டர் ஒரு கம்பெனி, ரோட்டவேட்டர் வேறு கம்பெனி. ஆனாலும் இரண்டும் பொருந்துகின்றன. மூன்று புள்ளி இணைப்பின் அளவுகளும், பி.டி.ஓ. தண்டின் 540 சுற்று வேகமும் எல்லா நிறுவனங்களுக்கும் பொது என்பதே காரணம். தோட்டத்துக்கு வரும் தானியங்கி பாசனக் கருவிகள் பலவற்றில் இந்த வசதி இல்லை.

ஆலங்குடி, கீரமங்கலம் பகுதியில் பூவும் வாழையும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியே நிற்கின்றன. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் வீட்டிலிருந்தே மோட்டாரைப் போட செல்போன் ஸ்டார்ட்டர் உதவுகிறது. வேளாண் பொறியியல் துறை இதற்கு மானியமும் தருகிறது. கருவி நல்லதுதான், வாங்கும்போதுதான் கவனம் வேண்டும்.

அண்மையில் ஒரு தோட்டத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகியிருந்தது. விற்ற நிறுவனம் போனை எடுக்கவில்லை. குழாயும் வால்வுகளும் நன்றாகவே இருந்தன. ஆனால் அவற்றை இயக்கும் சிக்னல் அந்த நிறுவனத்துக்கே உரியது. வேறு பெட்டியை இணைக்க வழியில்லாமல், மொத்தத்தையும் மாற்றும் நிலை வந்தது. சாதாரண 24 வோல்ட் வால்வுகளாக இருந்திருந்தால் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும்.

‘மற்றவர் கை வைத்தால் தரம் கெடும்’ என்று நிறுவனங்கள் சொல்லலாம். உத்தரவாதக் காலம் வரை அது சரி. அதன் பிறகும் சாவியை அவர்களே வைத்திருப்பது என்ன நியாயம்? தொழிற்சாலைக் கருவிகள் ஒன்றோடொன்று பேச ‘மோட்பஸ்’ என்ற பொது மொழி 1979 முதல் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், விவசாயி தன் இயந்திரத்தைத் தானே பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலும் 2022இல் மத்திய அரசு அமைத்த குழு, பழுதுபார்க்கும் உரிமைக்கான துறைகளில் வேளாண் கருவிகளையும் சேர்த்தது.

வாங்கும் முன் கேளுங்கள்:

* செல்போன் சிக்னல் இல்லாவிட்டாலும் கையால் இயக்க முடியுமா? கஜா புயலை நாம் மறக்கவில்லை.
* எந்த சிம்மும் ஏற்குமா? 2ஜி கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது.
* வேறு நிறுவன வால்வு, சென்சார் இணையுமா? மோட்பஸ் உண்டா?
* வயரிங் வரைபடமும் கடவுச்சொல்லும் என் கைக்கு வருமா?
* நிறுவனம் மூடப்பட்டால் கருவி ஓடுமா?

பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். விரிவாக்கப் பணியாளர்கள் விண்ணப்பம் வாங்கும்போதே இந்தக் கேள்விகளை விவசாயிக்குச் சொல்ல வேண்டும். இவற்றுக்கு ‘ஆம்’ சொல்லும் கருவிக்கு மட்டுமே மானியம் என அரசு நிபந்தனை வைக்க வேண்டும். மக்கள் பணத்தில் வாங்கும் கருவி விவசாயியைக் கட்டிப்போடக் கூடாது.