பொன்னாடை மட்டும் போதுமா?

2009இல் போர் முடிந்தபோது, வன்னியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலரை அம்மம்மாக்களும் சித்திமாரும் அயலவர்களுமே ஏந்திக்கொண்டார்கள். 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச்சட்டம் பற்றி அறியாமலே வளர்த்தவர்களும் உண்டு. நம் மேடைகள் அவர்களை அரிதாகவே அழைக்கின்றன.

அநாதையைப் பராமரிப்பதை இஸ்லாம் பெரும் நன்மை என்கிறது. பெற்ற தந்தையின் பெயரை மாற்ற மட்டும் அனுமதிக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் வளர்த்த ஸைத் (ரலி) அவர்கள், ஹாரிஸாவின் மகன் என்றே மீண்டும் அழைக்கப்பட்டார்கள். அன்பு குறையவில்லை. வளர்ப்புப் பிள்ளை மார்க்கச் சட்டப்படி வாரிசல்ல; எனினும் சொத்தில் மூன்றிலொரு பங்குவரை வஸிய்யத் செய்யலாம்.

வளர்ப்பவர்களே, பிள்ளையிடம் உண்மையை மறைக்காதீர்கள், வஸிய்யத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அயலவர்களாகிய நாமோ அப்பிள்ளையின் பாடசாலைச் செலவில் ஒரு பங்கைச் சுமப்போம். பொன்னாடையைவிட அதுவே அவர்களுக்குக் கண்ணியம்.