கடல்ல எண்ணெய் கொட்டினா நிவாரணம் வேற, இழப்பீடு வேற

1/ கடல்ல எண்ணெய் கொட்டினா உடனே நியூஸ்ல வர்ற வார்த்தை "நிவாரணம்". மீனவர் கேட்க வேண்டியது அது இல்லைங்க. நிவாரணம் அரசு பாத்துக் கொடுக்கிறது. இழப்பீடு, கடலைக் கெடுத்தவன் சட்டப்படி கட்ட வேண்டிய கடன்.

2/ டேங்கர் கப்பல்ல இருந்து கொட்டினா, 1992 சர்வதேச ஒப்பந்தம் இருக்கு. இந்தியாவும் அதுல சேர்ந்திருக்கு. கப்பல் முதலாளி மேல தப்புன்னு நிரூபிக்கவே வேண்டாம், நஷ்டத்தைக் காட்டினா போதும். இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட நேராவே கேட்கலாம்.

3/ ஆனா ரெண்டு பூட்டு. ஒண்ணு, கப்பலோட அளவைப் பொறுத்து தொகைக்கு உச்சவரம்பு. இன்னொண்ணு, பாதிப்பு வந்த 3 வருஷத்துக்குள்ள வழக்கு போடணும். விபத்து நடந்து 6 வருஷம் தாண்டினா உரிமையே போச்சு.

4/ டாக்டரா எனக்கு உறுத்துறது இதுதான். 2017 ஜனவரி 28, எண்ணூர்ல ரெண்டு கப்பல் மோதினப்போ, பசங்க பக்கெட்ல எண்ணெய் அள்ளினதை நாடே பாத்துச்சு. வியாதி காலண்டர் பாத்து வராது.

5/ 2023 டிசம்பர், மிக்ஜாம் வெள்ளம். சிபிசிஎல் வளாகத்துல இருந்துதான் எண்ணெய் வந்துச்சுன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. கொட்டினது கப்பல் இல்ல, அதனால கப்பல் சட்டம் செல்லாது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு அரசு அறிவிச்ச நிவாரணம் 12,500 ரூபாய்.

6/ கேரளாவைப் பாருங்க. 2025 மே மாசம் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கிச்சு. அதே கம்பெனியோட இன்னொரு கப்பலைப் பிடிச்சு வைக்கச் சொல்லி, 9,531 கோடி கேட்டு ஹைகோர்ட் போனாங்க. கேட்டது முழுசா கிடைக்குமாங்கிறது வேற. கணக்குப் போட்டுக் கேட்டாங்கல்ல?

7/ இப்போ நம்ம கடலூர். தேவனாம்பட்டினத்துல படகுக்குப் பதிவு இருக்கு. பிச்சாவரத்துல தண்ணியில இறங்கி கையால இறால் தடவிப் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு என்ன ரசீது இருக்கு? கூடையில மீன் விக்கிற அம்மாவுக்கு? "நஷ்டத்தைக் காட்டு"ன்னா எதைக் காட்டுவாங்க?

8/ அதனால மீன்வளத்துறை இப்பவே, எதுவும் கொட்டறதுக்கு முன்னாடியே, இவங்க பேரையும் சராசரி வருமானத்தையும் பதிவு பண்ணணும். கொட்டினா, முதல் வாரமே சுகாதாரத்துறை கடற்கரையில முகாம் போட்டு, யாருக்கு எங்க, எத்தனை நாள் எண்ணெய் பட்டுச்சுன்னு எழுதணும்.

9/ சக டாக்டர்களே, ஓபி சீட்டுல "தோல் அரிப்பு"ன்னு மட்டும் எழுதி களிம்பு கொடுத்து அனுப்பாதீங்க. எண்ணெய் பட்ட தேதி, இடம் ரெண்டையும் எழுதுங்க. மக்களே, அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீங்க. நாளைக்கு கோர்ட்ல அதுதான் சாட்சி.

10/ கொட்டின பிறகு கணக்கெடுக்க ஆரம்பிச்சா, நம்ம கைக்கு நிவாரணம் மட்டும்தான் வரும்.