பதக்கத்தை விடக் காகிதத்துக்குக் கிராக்கி!

பதக்கத்தை விட, அதைக் கொடுத்ததற்கான காகிதத்தைப் பெரிதாக மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? இரண்டாவது உலக மகாயுத்தத்தில் சண்டையிட்ட ஜெர்மன் பாரசூட் சிப்பாய்களின் விருதுப் பத்திரங்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். பதக்கம் ஆயிரக்கணக்கில் அச்சில் அடித்தது. பெரும்பாலும் பெயர் இராது. பத்திரத்திலோ சிப்பாயின் பெயர், பதவி, படைப்பிரிவு, தேதி, அதிகாரியின் கையெழுத்து, முத்திரை எல்லாம் உண்டு.

கிரீட் தீவுச் சண்டை பற்றிய பத்திரம் என்றால் தனி மவுசு. 1941-ம் ஆண்டு மே 20-ந் தேதி காலையில் ஜெர்மன் சிப்பாய்கள் ஆகாயத்திலிருந்து அங்கே குதித்தார்கள். தீவு பிடிபட்டது. ஆனால் நஷ்டம் பயங்கரம்! மாலெமே மயானத்தில் மட்டும் 4,465 ஜெர்மானியர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய பாரசூட் தாக்குதல் இனி வேண்டாம் என்று ஹிட்லரே முடிவு செய்துவிட்டார். கிரீட்டில் சண்டையிட்டவர்களுக்காக 1942-ம் ஆண்டு அக்டோபரில், தீவின் பெயர் பொறித்த கைப்பட்டி ஒன்று விருதாக ஏற்பட்டது. அதற்கான பத்திரத்துக்குத்தான் போட்டி.

கிராக்கி வந்தால் போலியும் வரும் அல்லவா? ஊதாக்கடந்த ஒளியில் காகிதம் பளிச்சென்று நீலமாக மின்னினால், அது பெரும்பாலும் யுத்தத்துக்குப் பிறகு செய்த காகிதம். ஆனால் அந்தக் காலத்து வெற்றுப் படிவமே ஒருவன் கையில் சிக்கினால்? அப்போது விளக்கு உதவாது. எழுத்தையும் மையையும் கையெழுத்தையும்தான் பார்க்க வேண்டும்.

பத்திரம் அசல்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதில் எழுதியிருப்பது முழு உண்மையா? என் சந்தேகம் அங்கேதான்.

கிரீட்டில் கொண்டோமாரி என்று ஒரு கிராமம். 1941-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி, இதே பாரசூட் சிப்பாய்கள் ஊர் ஆண்களை ஒலிவ மரத் தோப்பில் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். ஜெர்மன் கணக்குப்படியே செத்தவர்கள் 23 பேர். சுட்டவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஹார்ஸ்ட் டிரெபெஸ் என்ற லெப்டினன்ட். அடுத்த மாதமே அவருக்கு வீரச் சிலுவை விருது! சண்டைக்காகக் கொடுத்தது என்பார்கள். இருக்கலாம். கொண்டோமாரி என்ற பெயர் எந்த விருதுப் பத்திரத்தில் வரப்போகிறது?

இந்த வியாபாரத்தையே ஒழித்துவிட வேண்டும் என்கிறவர்கள் உண்டு. நாஜிச் சாமான்களின் ஏலம் பிரான்ஸ் மக்களுக்கு எட்டாதபடி செய்யும்படி 2000-ம் ஆண்டில் யாஹூ கம்பெனிக்குப் பாரிஸ் கோர்ட்டு உத்தரவிட்டது. ஜெர்மனியில் ஸ்வஸ்திகாவைப் பகிரங்கமாகக் காட்டுவது குற்றம். சரித்திர ஆராய்ச்சி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. எரித்துவிடலாம் என்பதை நான் ஒப்பமாட்டேன். எந்தச் சிப்பாய் எந்தப் படைப்பிரிவில், எந்தத் தேதியில் இருந்தான் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. வியாபாரிகள் ஒருவனுடைய காகிதங்களைப் பிரித்துத் தனித்தனியாக விற்றுவிடும்போது அந்தச் சாட்சியும் சிதறிப் போகிறது.

கொண்டோமாரியைப் படம் பிடித்தவர் வெய்க்ஸ்லர் என்ற ஜெர்மன் ராணுவப் போட்டோக்காரர். அந்தப் படங்கள் 1980-ல்தான் ஜெர்மன் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டன. கிரீட் விஷயத்தை வெளியே கசியவிட்டார் என்ற குற்றச்சாட்டில் யுத்தம் முடியும் வரை அவரைச் சிறையில் வைத்திருந்தார்கள்.