கோடு போட்டவர் பெயர்

தமிழில் ஒரு நாவல் வெளிவந்து கொஞ்சம் பேசப்பட்டால் ஏழெட்டு மதிப்புரைகளாவது வந்துவிடுகின்றன. கதைச்சுருக்கம் இருக்கும், நடையைப் பற்றி இரண்டு வரி இருக்கும், பிழைதிருத்தம் சரியில்லை என்ற முணுமுணுப்பும் இருக்கும். அட்டையை வரைந்தவர் யார், உள்ளே இருக்கும் கோட்டோவியங்கள் கதைக்கு என்ன செய்கின்றன என்று ஒருவரும் கேட்பதில்லை. ஓவியர் பெயரைத் தேடினால் உரிமைப் பக்கத்தில், அச்சக முகவரிக்குப் பக்கத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் கிடைக்கும். சில நூல்களில் அதுவும் இல்லை.

மற்றவர்கள் இப்படி இருந்தால் போகட்டும் என்று விடலாம். சிற்றிதழ்க்காரர்களும் இப்படி இருப்பது நன்றிகெட்ட காரியம். ஈய எழுத்துக் கோத்து ட்ரெடிலில் அடித்த காலத்தில் படம் போடுவது செலவு பிடித்த வேலை. புகைப்படம் என்றால் ஹாஃப்டோன் பிளாக் செய்யவேண்டும், அதற்கு வழவழப்பான தாளும் வேண்டும். மட்டமான தாளில் அடித்தால் முகம் கரிப்பூச்சாகிவிடும். கோட்டோவியத்துக்கு லைன் பிளாக் போதும். துத்தநாகத் தகட்டில் கோடு மட்டும் மேடாக நிற்கும். எந்தத் தாளிலும் பளிச்சென்று விழும். ஆனால் அதில் சாம்பல் நிறம் என்ற ஒன்றே கிடையாது. நிழல் வேண்டுமென்றால் கோட்டை நெருக்கிப் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். நவீன ஓவியம் தமிழ் வாசகன் கைக்கு வந்து சேர்ந்தது காட்சிக்கூடங்கள் வழியாக அல்ல, காசில்லாத பத்திரிகைகளின் இந்த லைன் பிளாக்குகள் வழியாக.

கே. எம். ஆதிமூலம் (1938–2008) இதற்கு முதல் சாட்சி. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் காந்தியை வரிசையாகக் கோட்டில் வரைந்தார். அதே கைதான் பத்திரிகைகளின் பெயரையும் புத்தகத் தலைப்புகளையும் எழுதிக் கொடுத்தது. கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு அவர் போட்ட படங்களை நினைத்துப் பாருங்கள். கி.ரா.வின் பெரியவர்கள் நம் மனத்தில் எந்தத் துண்டோடு, எந்தச் சுருக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் பாதியைத் தீர்மானித்தது அந்தப் பேனா. இதை எந்த இலக்கிய வரலாறு எழுதியிருக்கிறது?

புத்தக ஓவியருக்காவது ஓரத்தில் ஓர் இடம் உண்டு. அச்சு ஓவியர்களின் பாடு இன்னும் மோசம். "பிரிண்ட்தானே, ஒரிஜினல் இல்லையே" என்று காட்சிக்கூடத்துக்கு வருகிறவர்களே விலை கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தகட்டைச் செதுக்குவது, அமிலத்தில் அரிக்கவிடுவது, மையைத் தேய்த்துத் துடைப்பது, ஈரத்தாளை வைத்து அழுத்தியெடுப்பது எல்லாமே ஓவியம் வரைவதுதான். தகட்டில் இருப்பது படம் அல்ல. தாளில் விழுந்த பிறகுதான் படம் பிறக்கிறது. பத்து தாள் எடுத்தால் பத்தும் மூலம். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எண்ணிட்டுக் கையெழுத்துப் போடுவது அதனால்தான். குறித்த எண்ணிக்கை முடிந்ததும் தகட்டின் குறுக்கே கீறி, இனி எடுக்க முடியாதபடி செய்துவிடும் வழக்கமும் உண்டு.

இந்தக் கலையில் உலகமே திரும்பிப் பார்த்த ஒருவர் சென்னையில் வேலை பார்த்திருக்கிறார். சித்தூர் அருகே பிறந்து சாந்திநிகேதனில் படித்த கிருஷ்ண ரெட்டி, 1940களின் இறுதியில் கலாக்ஷேத்திராவின் ஓவியப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். பிறகு பாரிஸ் போய், அச்சு ஓவியர் ஹேட்டரின் 'அத்தெலியே 17' பட்டறையில் சேர்ந்து, ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஏற்றும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரானார். சூட்சுமம் எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய் கூடிய மை, கெட்டியான மையைத் தன்மேல் ஒட்டவிடாது. தகட்டின் மேடு பள்ளங்களுக்கேற்ப மெத்தென்ற உருளையும் கடினமான உருளையும் மாற்றி மாற்றி உருட்டினால் ஒவ்வொரு வண்ணமும் தன் இடத்தில் போய் உட்காரும். ரெட்டி சிற்பியாகவும் இருந்தவர். தகட்டின் ஆழத்தை நம்பியதற்கு அது காரணமாக இருக்கலாம்.

அச்சு ஓவியம் என்ற அந்தக் கிளை இன்றும் பட்டுப்போகவில்லை. தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன், கல்லச்சுக் கலையில் அமெரிக்காவின் டமாரிண்ட் நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர். விமானப் பாதை போலவும் நில அளவைக் குறிப்பு போலவும் ஓடும் அவருடைய கோடுகளைத் தமிழ் எழுத்தாளர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

கையச்சு ஒரு முழுப் புத்தகமாகவே நிற்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் திருவான்மியூருக்குப் போகலாம். தாரா பதிப்பகம் கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி மூவரோடும் சேர்ந்து உருவாக்கிய மரங்களைப் பற்றிய புத்தகம் (ஆங்கிலத்தில் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்') 2008இல் பொலோன்யா புத்தகக் காட்சியில் விருது பெற்றது. தாள் கறுப்பு, கையால் செய்தது. அதன்மேல் ஒரு வண்ணத்துக்கு ஒரு ஸ்கிரீன். சட்டத்தை இறக்கி, மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. தாளை எடுத்துக் காயவைத்துவிட்டு அடுத்த தாள். எல்லாம் காய்ந்தபின் அடுத்த வண்ணம். இரண்டாவது வண்ணம் ஒரு நூல் தள்ளி விழுந்தாலும் இலைக்குள் இருக்கும் புள்ளிகள் இலைக்கு வெளியே வந்துவிடும். விரலால் தடவினால் மை தாளைவிட மேலே நிற்பது தெரியும். தொழில்நுட்பம் புதிதல்ல, ஊருக்கு ஊர் கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடிக்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். அடித்தவர்களான ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் பெயரையும் புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள். புத்தகத்தின் அழகைவிட எங்களுக்குப் பிடித்தது இதுதான்.

இன்றைக்குத் தமிழ்ப் புத்தகங்களுக்கு வரைகிறவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. டிராட்ஸ்கி மருது பேனாவிலிருந்து கணினிக்கு வந்த பிறகும் கோட்டின் வேகம் குறையாதவர். சந்தோஷ் நாராயணன் ஒரேயொரு யோசனையை வைத்துக்கொண்டு அட்டை முழுவதையும் வெறுமையாக விடத் துணிந்தவர். ஈழத்துக் கவிஞர் ரஷ்மியின் அட்டைகளில் கவிஞர் ஒருவர் கவிதையை வாசித்த தடம் தெரியும். இப்படிப்பட்டவர்கள் இருக்கும்போதே பாதி அட்டைகள் இணையத்தில் உருவிய புகைப்படத்தோடு வருகின்றன. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய படங்களும் சேர்ந்துகொண்டன. கிராமத்துக் கதை என்றால் ஆலமரம், அடியில் கிழவி, பின்னால் பொன்னிற வெளிச்சம். எந்த ஊர்க் கிழவி, எந்த ஊர் மரம் என்று கேட்டால் பதில் கிடையாது.

காசு இல்லை என்ற நியாயம் பாதிதான் உண்மை. தாளுக்கும் தபாலுக்கும் அச்சகத்துக்கும் கொடுக்கும்போது இல்லாத சங்கடம், ஓவியருக்குக் கொடுக்கும்போது மட்டும் 'நட்பு' என்ற பெயரில் வந்து நிற்கிறது. இந்த இதழிலிருந்து அட்டைக்கும் உள்ளோவியங்களுக்கும் சிறு தொகையாவது கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஓவியர் பெயர் படத்தின் அருகிலேயே வரும். இயந்திரம் செய்த படம் வராது. லினோவிலோ மரத்திலோ செதுக்குகிற இளைஞர்கள் தங்கள் படங்களை அனுப்பலாம், நடுப்பக்கம் அவர்களுக்கு.

மதிப்புரை எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை என்று தலைப்பில் குறிக்கிறீர்கள் அல்லவா, ஓவியர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். படங்களைப் பற்றி ஒரு பத்தியாவது இருக்கட்டும், பிடிக்கவில்லை என்றாலும் சரி. அந்தப் பத்தி இல்லாமல் வரும் மதிப்புரைகளை அடுத்த இதழிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவோம்.