வேலிக்கு வந்தது ஊரை மேய்கின்றது!

வேலியே பயிரை மேய்ந்தது என்பது பழமொழி. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலோ வேலிக்கு வந்தது ஊரையே மேய்கின்றது! ஏரிக்கரையில் நின்ற சீமைக்கருவேல் குடியிருப்புகளின் வெற்றுமனைகளையும் தெருவோரங்களையும் வளைத்துக்கொண்டது. பார்த்தீனியப் பூண்டோ வெண்பூப் பூத்துத் தோலரிப்பையும் மூச்சிரைப்பையும் வழங்குகின்றது. பக்கத்து மனைக்காரர் பார்த்துக்கொள்வார் என ஒவ்வொருவரும் வாளாவிருக்க, களை மட்டும் தன் கடமையைத் தவறாது செய்கின்றது.

இவ்விரண்டும் அமெரிக்க வெப்பநிலங்கட்கு உரியவை. சீமைக்கருவேல் விதையை 1877இல் விறகிற்கெனக் கொணர்ந்தது வெள்ளையராட்சி. மண்ணின் மரமாகிய கருவேல் தன் பெயரை இரவல் கொடுத்தது. பெற்றுக்கொண்டதோ, கொடுத்ததன் இடத்தையே பறித்தது. மொழியில் நிகழ்ந்ததும் இதுவன்றோ? நீர் இருக்கச் சலம் புகுந்தது. சோறு இருக்கச் சாதம் புகுந்தது. இடங்கொடுத்தவர் எவர்? தமிழரே!

2017இல் சென்னை உயர்நயன்மன்றத்தின் மதுரைக் கிளை, சீமைக்கருவேலை அகற்ற ஆணையிட்டது. அவ்வாண்டே இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் அயற்களைகளை நீக்கத் தமிழக அரசு கொள்கை வகுத்தது. ஆயின், தாளில் எழுதிய கொள்கை தெருவிற்கு வந்து மண்வெட்டி பிடிக்குமா?

அரைகுறை வேலையும் பயன்படாது. மேலே வெட்டினால் அடிக்கட்டை பன்மடங்காய்த் துளிர்க்கும். நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை ஊரெங்கும் பரவும். ஆகவே வேரோடு அகழ்தல் வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன்பே, கையுறை அணிந்து, வேரோடு பிடுங்குதல் வேண்டும். ஒரு மழையோடு நில்லாது, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் இதனைச் செய்தல் வேண்டும்.

விறகும் கரியும் ஏழையர்க்குச் சோறிடுகின்றனவே என்பர். உண்மைதான். வெட்டிய விறகும் அகழ்ந்த கூலியும் அவர்க்கே சேர்க! ஆனால், அகழ்ந்த குழி வெறுங்குழியாய்க் கிடத்தல் ஆகாது. அங்கே புங்கும் பூவரசும் இலுப்பையும் எழுக! வெற்றிடம் விட்டால் களை மீளும். தமிழ்ச்சொல் வழங்காத வாயில் அயற்சொல் மீள்வதும் அவ்வாறே.

1916இல் தனித்தமிழியக்கம் கண்ட மறைமலையடிகள், வேதாசலம் என்னும் தம் பெயரிலேயே களையெடுத்தார். ஊரார் தொடங்கட்டும் எனக் காத்திருந்தாரல்லர். பெரம்பலூர்த் தமிழரும் அரியலூர்த் தமிழரும் தத்தம் வாயிலினின்று தொடங்குக! நாவிலும் களை களைக; நிலத்திலும் களை களைக!